நரியைச் சாட்சிக்கு அழைத்தவர்

ஆர்க்டிக் கடலில் பனிக்கட்டி குறைவதற்கு நாங்கள் வீணாகக் கூப்பாடு போடுகிறோமாம். தீவுக்குத் தீவு போக விலங்குகளுக்கு வழியா இல்லை, கரிபு மான் நீந்தும், நரி கனடா வரைக்கும் போகும் என்கிறார் இதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர்.

முதலில் நரி. நார்வேயின் துருவ ஆய்வு நிறுவனம் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட ஒரு பெண் நரி, 2018 மார்ச்சில் ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து கிளம்பி 76 நாளில் 3,506 கிலோமீட்டர் கடந்து எல்ஸ்மியர் தீவைச் சேர்ந்தது உண்மைதான். எதன்மேல் நடந்தது? உறைந்த கடல்மேல், நடுவில் கிரீன்லாந்தின் பனிப்பாளம். பனி வேண்டாம் என்று வாதாட, பனியில் நடந்த நரியையே சாட்சிக்கூண்டில் ஏற்றியிருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம்!

அடுத்து நீச்சல். கரிபு நீந்தும், அதன் ரோமம் உள்ளே கூடாக இருப்பதால் நன்றாகவே மிதக்கும். ஆனால் விக்டோரியா தீவின் டால்ஃபின்-யூனியன் மந்தை கனடாவின் பெருநிலத்துக்குக் கடல் கடப்பது கோடையில் அல்ல, கடல் உறையத் தொடங்கும் அக்டோபர், நவம்பரில். அந்த உறைவு இப்போது தள்ளிப்போகிறது. மந்தை தெற்குக் கரையில் காத்துக் கிடக்கிறது, இருக்கிற மேய்ச்சலையும் தின்று தீர்க்கிறது. பொறுமை இழந்து இறங்கினால் காலடியில் இருப்பது மெல்லிய பனித்தோல்: நடந்தால் உடையும், நீந்தலாமென்றால் வழிவிடாது. நீச்சல்காரனைப் புதைசேற்றில் இறக்கிவிட்டு நீந்தச் சொல்வதுதான் இது. தப்பிக் கரையேறும் மானின் ரோமமெல்லாம் பனிக்கட்டி அப்பியிருப்பதை அப்பகுதி இனுயிட் வேட்டைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். 1997-இல் சுமார் 34,000 இருந்த மந்தை 2018-இல் ஏறத்தாழ 4,000. எல்லாப் பழியையும் பனிமேல் போட மாட்டேன். ஆனால் "ஒன்றும் ஆகாது" என்று எழுத எனக்குக் கை வராது.

வெப்பம் கூடினால் புல் கூடுமாம். குளிர்காலத்தில் மழை பெய்து உறைந்தால் அந்தப் புல் கண்ணாடிக்கடியில் போய்விடும். கனமான பனியும் இப்படிப்பட்ட உறைவும் சேர்ந்து, கனடாவின் பாத்தர்ஸ்ட் தீவுப் பகுதியில் 1994-இல் சுமார் 3,000 இருந்த பியரி வகைக் கரிபுவை மூன்றே குளிர்காலத்தில் நூற்றுக்கும் கீழே கொண்டுபோயின. அப்படிப்பட்ட வருடத்தில் வேறு தீவுக்கு ஓட உறைந்த கடல்தான் பாதை.

தனித்துவிட்டால் புது இனம் பிறக்கும் என்று காலபகோஸ் தீவுகளின் கதை வேறு. அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில், ஏரிப்பனி அடிக்கடி பாலம் போடாமல் போய், கரையிலிருந்து புது ஓநாய் வருவது அரிதானபின், 2016-இல் மிஞ்சியவை இரண்டே ஓநாய்கள்: அப்பனும் மகளும். 2018 முதல் விமானத்தில் ஓநாய் கொண்டுவந்து இறக்கினார்கள். கரிபு மந்தைக்கும் கட்டுரையாளர் டிக்கெட் போட்டு வைத்திருக்கிறாரா?