‘வயசாயிடுச்சு’ என்பது ஒரு விடையா?



மயிலாப்பூரில் என் அண்டை வீட்டில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கணிப்பொறி பழையது. அதிலுள்ள கிராபிக்ஸ் கார்டுக்கு வயது ஏறத்தாழப் பத்து. திரையில் நீங்கள் காணும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிட்டு அனுப்புவது இந்த அட்டைதான். சென்ற மே மாதம் ஒரு நாள் திரை முழுவதும் பச்சைக் கோடுகள் ஓடின; பிறகு எல்லாம் உறைந்து நின்றது. மாணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் போனார்.

“கார்டு போச்சு தம்பி. புதுசு வாங்கிடு.”

“ஏண்ணா போச்சு?”

“பத்து வருஷம் ஓடியிருக்கே, போதாதா? வயசாயிடுச்சு.”

புதிய அட்டை வாங்க அந்த வீட்டில் பணம் இல்லை. அது ஒரு கவலை. ஆனால் அவரை அதைவிட உறுத்தியது இன்னொன்று. “வயதானால் ஏன் கெட வேண்டும்? அதில் ஓடுவது மின்சாரம்தானே, தேய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. என் கருத்து இதுதான்: ‘வயதாகிவிட்டது’ என்பது விடை அல்ல, விடை தேடுவதைப் பாதியில் நிறுத்தும் ஒரு சாக்கு.

இரும்பு துருப்பிடிப்பதற்கு வயது காரணம் அல்ல. ஈரமும் ஆக்சிஜனும் காரணம். சைக்கிள் டயர் தேய்வதற்கு வயது காரணம் அல்ல, உராய்வு காரணம். காலம் எதையும் தானாகக் கெடுப்பதில்லை. காலத்தோடு சேர்ந்து ஏதோ ஒன்று நடக்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று கேட்பதுதான் அறிவியல்.

ஒரு முடியின் பத்தில் ஒரு பங்கு

வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்பது உங்களுக்குத் தெரியும். வளையத்துக்குள் நுழையும் உலோகக் குண்டு, சூடேற்றிய பிறகு நுழையாமல் நிற்பதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அதே குண்டும் வளையமும் கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் இருக்கின்றன.

அட்டையின் நடுவிலுள்ள சிப் சிலிக்கனால் ஆனது. வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் சிலிக்கன் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்குதான் விரியும். அதைத் தாங்கும் பிசின் பலகையோ ஏறத்தாழ 15 பங்கு விரியும். இரண்டையும் இணைப்பவை ஆயிரக்கணக்கான குட்டி உலோகப் புடைப்புகள். ஒவ்வொன்றின் உயரமும் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்.

இப்போது கணக்குப் போடுங்கள். அறை வெப்பநிலை 30 டிகிரி. வேலை செய்யும்போது சிப் 80 டிகிரி. வித்தியாசம் 50. சிப்பின் நடுவிலிருந்து மூலைக்கு 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பொருள்களின் விரிவிலும் உள்ள வேறுபாடு 0.006 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு! இது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் மூலையிலுள்ள புடைப்பை ஒவ்வொரு முறையும் இந்த அளவு பக்கவாட்டில் இழுக்கப் பார்க்கிறது. ஒரு நாளைக்கு மூன்று முறை சூடாகி ஆறினால், பத்து ஆண்டுகளில் 10,950 முறை.

ஒரு கட்டுக்கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள், பட்டென்று ஒடிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1954-ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. அவை பழைய விமானங்கள் அல்ல. இங்கிலாந்தில் ஒரு காமெட் விமானத்தின் உடலை நீர்த் தொட்டியில் மூழ்க வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். உலோகச் சோர்வால் வந்த விரிசல் வெளிப்பட்டது. ‘ஏன்?’ என்று கேட்டதால்தான் பின்னால் வந்த விமானங்கள் பாதுகாப்பாயின.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதை

இந்தப் புடைப்புகளைச் சுற்றி ஒரு பிசினை நிரப்பி, இழுவிசையை எல்லாவற்றுக்கும் பகிர்ந்து தருவது வழக்கம். பிசினும் உலோகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணிப்பொறிச் சிப்புகள் சிலவற்றில் இந்த உறைப் பொருள்கள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம், எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியின் பழுதுகளுக்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. அங்கும் பெட்டியை மீண்டும் மீண்டும் இயக்கி நிறுத்தியதால் உள்ளிணைப்புகள் முறிந்தன என்று அதன் பொறியாளர்கள் பின்னர் விளக்கினார்கள். அவை இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கெட்ட கருவிகள். வயதா காரணம்?

நம் சென்னைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மே மாதத்தில் தியாகராய நகர் மாடி வீடு ஒன்றில் மதிய நேர அறை வெப்பநிலை எவ்வளவு என்று பாருங்கள். குளிர்நாட்டு அறையைவிட 10 டிகிரிக்கு மேல் அதிகம் இருக்கும். அட்டையில் உள்ள மின்தேக்கிகளில் திரவம் நிறைந்த வகைக்கு ஒரு பொது விதி உண்டு: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். கடற்காற்றில் வரும் உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்து இணைப்புகளை அரிக்கின்றன. அரிமானத்தையும் ஆராய நம் மாநிலத்தில், காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடையாற்றில் கடலோரம் வசிக்கும் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி சொல்லும் பாடத்தைத்தான் அங்கே ஆராய்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்

சரி, நம் மாணவர் என்ன செய்தார்? ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று முடிவு செய்தார்.

சூடான கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது, முதல் திரையிலேயே கோடுகள் வந்தன. அப்போது மென்பொருள் இன்னும் ஏறவில்லை. ஆகவே மென்பொருள் குற்றவாளி அல்ல. நண்பரின் அட்டையை அதே பெட்டியில் செருகினார், ஒழுங்காக ஓடியது. மின்வழங்கி, திரை, கம்பி எல்லாம் விடுதலை. தன் அட்டையின் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துச் செருகினார், மாற்றமில்லை. பெட்டி ஆறியபின் இயக்கினால் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு கோடு வந்தது. ஆகா! பழுது வெப்பத்தைப் பொறுத்தது.

விசிறியைக் கழற்றினார். தூசி அடைத்து அது சுற்றவே இல்லை. துப்புரவு செய்து, காய்ந்து போயிருந்த வெப்பப் பசையை மாற்றி, வேறு விசிறி பொருத்தினார். இப்போது 25 நிமிடம் ஓடியது. பிறகு மீண்டும் கோடு. விசிறி நின்றதால் கூடிய வெப்பம், ஏதோ ஓர் இணைப்பில் ஏற்கனவே விரிசலை உண்டாக்கிவிட்டது. விரிசல் சிப்பின் அடியிலா, நினைவகச் சில்லின் அடியிலா என்பதை வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியவில்லை. அவர் நோட்டின் கடைசி வரியில் ‘பெரும்பாலும்’ என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லை எழுதியதற்காகவே அவரைப் பாராட்டினேன்.

‘அடுப்பில் வைத்துச் சுட்டால் சரியாகிவிடும்’ என்று ஒருவர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். மின்னடுப்பில் 200 டிகிரியில் சில நிமிடம் வைத்தால், உருகிய உலோகம் விரிசலை மூடிவிடுமாம். யோசியுங்கள். இன்றைய அட்டைகளில் உள்ள வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த பற்றாசு உருகச் சுமார் 217 டிகிரி வேண்டும். அக்காலச் சிப்புகள் பலவற்றின் புடைப்புகளில் இருந்த ஈயம் மிகுந்த கலவைக்கோ ஏறத்தாழ 300 டிகிரி வேண்டும். 200 டிகிரியில் எதுவும் உருகாது! சில அட்டைகள் அதன்பின் உயிர் பெற்றதும் உண்மைதான். வெப்பத்தில் விரிந்து வளைந்ததால் விரிசலின் இரு முகங்களும் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன என்பதே பொருத்தமான விளக்கம். சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். அதற்குள் சமையல் அடுப்பில் நச்சுப் புகை படிந்திருக்கும். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். மின்வழங்கிப் பெட்டியையும் திறக்காதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

‘கடைசியில் அட்டை சரியாகவில்லையே, இத்தனை பாடு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். அட்டை பிழைக்கவில்லைதான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை விசிறியைத் துடைத்திருந்தால் அது இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அடுத்து வாங்கிய பழைய அட்டைக்கு அந்தக் கதி வராது. ‘வயசாயிடுச்சு’ என்ற விடையோடு திரும்பியிருந்தால், அதையும் அதே தூசியில் சாகவிட்டிருப்பார். கடைக்காரரையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் இருபது பெட்டிகளைப் பார்க்க வேண்டியவருக்குக் காரணம் தேட நேரம் ஏது? நேரம் உங்களிடம்தான் இருக்கிறது.

2022-இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவைக் குவித்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. நம் நாட்டில் புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. விதிகள் குப்பையைக் கையாளும். குப்பையாகாமல் காக்க ‘ஏன்?’ என்று கேட்கும் மனிதர்கள் வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஒரு ‘பழுது மேசை’ வேண்டும் என்பது என் கருத்து. செத்துப்போன அட்டை, நின்றுபோன விசிறி, பாடாத வானொலி ஆகியவற்றை அதில் வையுங்கள். ஒரு மல்டிமீட்டர், ஒரு உருப்பெருக்கி, ஒரு நோட்டு, மேற்பார்க்க ஓர் ஆசிரியர் போதும். பாடத்துக்கே நேரமில்லை என்பார்கள். வெப்ப விரிவு, மின்சுற்று, அரிமானம் எல்லாம் பாடம்தானே? ஒரு காலத்தில் வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்ற ரிச்சி தெருவில் எத்தனையோ பேர் இப்படித்தான் மின்னணுவியல் கற்றார்கள்.

உங்கள் வீட்டில் இன்று ஓடாமல் கிடக்கும் பொருள் எது? அதன் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே ‘ஏன்?’ என்று எழுதுங்கள். ‘வயதாகிவிட்டது’ என்று மட்டும் விடை எழுதாதீர்கள்.