ஒழுகற இடத்தைக் கண்டுபிடிக்கறதுக்கும் கூலி உண்டுங்க

பொங்கலுக்கும் ஊர் நோம்பிக்கும் சென்னை, பெங்களூர்ல இருந்து எங்க பக்கம் வர்ற சொந்தபந்தங்கள் கார்ல இருந்து எறங்குனதும் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு. "ஏனுங் மாமா, டெம்பரேச்சர் ஊசி மேல ஏறுது, கூலண்ட் கொறஞ்சுட்டே இருக்கு, இங்க நல்ல மெக்கானிக் இருக்காருங்களா?" விசாரிச்சா, அந்தக் காருக்கு ஏற்கெனவே ரெண்டு மூணு தடவை செலவு பண்ணியிருப்பாங்க. ரேடியேட்டர் மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, ஹோஸும் மாத்தியாச்சு. ஆனா ஒழுகறது மட்டும் நிக்கல.

அந்த பில்லை வாங்கிப் பாருங்க. ரேடியேட்டருக்கு ஒரு வரி, ஹோஸுக்கு ஒரு வரி, கூலண்டுக்கு ஒரு வரி, மாட்டுன கூலிக்கு ஒரு வரி. "ஒழுகற இடத்தைக் கண்டுபிடிச்சதுக்கு இவ்வளவு"ன்னு ஒரு வரி இருக்காது. நோவு என்னன்னு பாக்கறதுக்குக் காசு இல்லை, மாத்தறதுக்குத்தான் காசுன்னா, மெக்கானிக் எதைச் செய்வாரு? மாத்தத்தான் செய்வாரு. அவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லீங்க. பழைய காரைச் சாகடிக்கறது வயசு இல்லை, இந்தப் பழக்கம்தான்னு நான் நினைக்கறேன்.

நாங்க தோட்டத்துக்காரங்க. மோட்டார், பம்ப்போடயே வளர்ந்தவங்க. கோயமுத்தூர்ப் பக்கம் பவுண்டரியும் பம்ப்செட் பட்டறையும் இல்லாத தெரு கொறச்சல். ஜி.டி. நாயுடு 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒத்த பஸ்ஸை ஓட்ட ஆரம்பிச்ச ஊர் இது. எந்த மெசினா இருந்தாலும் கழட்டிப் பாத்துட்டுத்தான் மறுவேலைங்கற புத்தி இந்த மண்ணுல ஊறிப்போனது. கிணத்து மோட்டார்ல தண்ணி ஒழுகுனா உடனே புது மோட்டார் வாங்கறவன் எங்கூர்ல யாரும் இல்லை. கிளாண்ட்ல சொட்டுதா, பைப் ஜாயிண்ட்ல வருதா, ஃபுட்வால்வு நிக்கலையான்னு ஒவ்வொண்ணாப் பாப்போம். கார் என்ஜின்ல இருக்கறதும் ஒரு குட்டிப் பம்ப்புதானுங்க. தோட்டத்துல பாக்கற மாதிரியே அங்கயும் பாக்கணும்.

முதல்ல விசயத்தைப் புரிஞ்சுக்குங்க. என்ஜின் சூட்டைத் தண்ணி வாங்கிட்டுப் போயி ரேடியேட்டர்ல ஆத்திட்டுத் திரும்பி வருது. இந்தச் சுத்து மூடிக் கெடக்கற சுத்து. ரேடியேட்டர் கேப்ல ஒரு ஸ்பிரிங் இருக்கு. நெறைய கார்கள்ல அது உள்ள 0.9 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடிச்சு வெக்கும். அந்த அழுத்தம் இருந்தா, 100 டிகிரியில கொதிக்கற தண்ணி கிட்டத்தட்ட 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. கேப் ரப்பர் காஞ்சு போச்சுன்னா அழுத்தம் நிக்காது, தண்ணி சீக்கிரமே கொதிச்சு வெளிய தள்ளிரும். இருக்கறதுலயே விலை கம்மியான சாமான் இந்தக் கேப். அதைத்தான் கடைசியாப் பாக்கறாங்க.

அழுத்தம்னு சொன்னேனே, அதுலதான் சூட்சுமமே இருக்கு. வண்டி ஆறி நிக்கறப்ப அழுத்தம் இருக்காது. சின்ன விரிசலா இருந்தா அப்ப ஒழுகாது. சூடாகி ஓடறப்பத்தான் பீச்சும், பீச்சுன உடனே சூட்டுல ஆவியாப் போயிரும். கீழ ஈரமே தெரியாது. "எங்கயும் ஒழுகலீங்க, ஆனா கொறையுது"ன்னு சொல்றதுல பாதி இந்தக் கதைதான்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை இருக்கு. காலையில வண்டி ஜில்லுனு இருக்கறப்ப ரிசர்வ் டேங்க்ல மட்டம் எங்க நிக்குதுன்னு ஒரு கோடு போட்டு வைங்க. ஒரு வாரம் ஓட்டிட்டு அதே மாதிரி காலையில பாருங்க. எவ்வளவு கொறஞ்சுதுன்னு கணக்குத் தெரியும். ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டியை விரிச்சுப் போடுங்க. கறை விழுந்தா எந்தப் பக்கம்னு தெரிஞ்சுரும். ஏசி தண்ணியும் சொட்டும், அதைப் பாத்துப் பயந்துறாதீங்க. அது வெறும் தண்ணி, நிறம் இருக்காது. கூலண்ட் பச்சையாவோ, சிவப்பாவோ, நீலமாவோ இருக்கும், விரல்ல தொட்டா பிசுபிசுங்கும், இனிப்பா ஒரு வாசம் வரும். காஞ்ச இடத்துல வெள்ளையாவோ பச்சையாவோ உப்புப் பூத்த மாதிரி நிக்கும். டார்ச் வெச்சு ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப் அடிப்பக்கம் எல்லாம் அந்தப் பூப்பு இருக்கான்னு தேடுங்க. வாட்டர் பம்ப்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. உள்ள இருக்கற சீல் போனா அது வழியாச் சொட்டணும்னே வெச்சது. அங்க ஈரம் தெரிஞ்சா பம்ப்பு போகப்போகுதுன்னு அர்த்தம். ஓட்டையை எம்-சீல் வெச்சு அடைக்கற புண்ணியவானுங்களும் இருக்காங்க. அடைச்சா தண்ணி பேரிங்குக்குள்ள போகும், அப்பறம் பம்ப்பே இறுகி நிக்கும்.

வெளிய எங்கயும் இல்லைன்னா உள்ள பாக்கணும். முன்சீட்டுக் கால் வெக்கற இடத்துல மேட் ஈரமா, கண்ணாடியில எண்ணெய்ப் பசை மாதிரி மூட்டம் படியுதான்னு பாருங்க. படிஞ்சா ஹீட்டர் ஒழுகுது. நம்ம ஊர்ல ஹீட்டர் யாரு போடறாங்கன்னு கேப்பீங்க. நெறைய வண்டியில நாம போடலைன்னாலும் கூலண்ட் அதுக்குள்ள போய்ட்டுத்தான் வருது. அங்கயும் இல்லைன்னா ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. ஆயில் டீ நிறத்துல பால் கலந்த மாதிரி இருந்தாலோ, சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வந்தாலோ, ஸ்டார்ட் பண்ணுன கொஞ்ச நேரத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுனாலோ ஹெட் கேஸ்கட் மேல சந்தேகப்படணும். அதுக்கு மேல வண்டியை ஓட்டாதீங்க. ஒண்ணை மட்டும் மறந்துறாதீங்க: சூடா இருக்கறப்ப கேப்பைத் திறக்கவே கூடாது. கொதிதண்ணி மூஞ்சியிலதான் அடிக்கும்.

போன வருசம் எங்க மாப்பிள்ளை வண்டிக்கு இதுதான் நடந்துச்சு. 2006 மாடல். டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் மாத்திக் குடுத்தாங்க, ஒழுகல் நிக்கல. எங்க பக்கத்து ஊர்ல டிராக்டர் பாக்கற மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு. பழைய ரேடியேட்டர் கேப் ஒண்ணுல ஓட்டை போட்டு, டியூப் வால்வை வெச்சு ஒட்டி, அவரே ஒரு கருவி பண்ணி வெச்சிருக்காரு. என்ஜின் ஆறுன பிறகு அதை மாட்டி சைக்கிள் பம்ப்ல மெதுவா நாலு அடி காத்து அடிச்சாரு. சும்மா உக்காந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டே இருந்தாரு. கால் மணி நேரம் கழிச்சு என்ஜினுக்குப் பின்னால ஹீட்டருக்குப் போற ஹோஸ் கிளிப்புக்கிட்ட ஒரு சொட்டு எட்டிப் பாத்துச்சு. ஹோஸ் நுனியை ஒரு அங்குலம் வெட்டிட்டுப் புதுக் கிளிப் போட்டாரு. அவ்வளவுதான் வேலை. எவ்வளவுங்கன்னு கேட்டா, "கிளிப்புக்கு மட்டும் குடுங்க"ங்கறாரு. அதுதானுங்க எனக்கு வெசனம். அந்தக் கால் மணி நேரம் உக்காந்து பாத்த கண்ணுக்கு அவரே விலை வெக்கல. நாமளும் வெக்கல. நாளைக்கு அவரு பையன் ஏன் இந்த வேலைக்கு வரப்போறான்?

மஞ்சத்தூள் வைத்தியத்தைப் பத்தியும் சொல்லோணும். ரேடியேட்டர்ல ஒழுகுனா ஒரு கை மஞ்சத்தூள் போடுன்னு பழைய லாரி டிரைவர்மாருங்க சொல்லுவாங்க. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடு வாங்குன ஊர்க்காரன் நான், மஞ்சளைக் கொறச்சுப் பேச மாட்டேன். தூள் தண்ணியில ஊறி, ஊசி ஓட்டையில போயி அடைக்கும், நெசந்தான். நடுக்காட்டுல நின்னா ஊடு வந்து சேர அது உதவும். ஆனா ஓட்டையை மட்டும் அடைன்னு மஞ்சளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? ரேடியேட்டரோட மெல்லிசுக் குழாயையும் சேத்து அடைக்கும். பாட்டில்ல விக்கற அடைப்பு மருந்துலயும் இந்த ஆபத்து உண்டு. ஊடு வந்து சேந்ததும் கழுவி எடுத்துட்டு, ஒழுகற இடத்தைச் சரி பண்ணிரணும்.

இன்னொண்ணு தண்ணி. எங்க பக்கம் போர் ஆழமாப் போகப் போக உப்புத்தண்ணிதான். கொதிக்க வெக்கற பாத்திரத்துல வெள்ளையாப் படியுதில்லீங்களா, அதேதான் என்ஜினுக்குள்ளயும் படியும். மட்டம் கொறையறப்பெல்லாம் போர் தண்ணியை ஊத்திட்டே இருந்தா, ஒழுகல் ஒரு பக்கம், அடைப்பு ஒரு பக்கம். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரும் கம்பெனி சொன்ன கூலண்டும் சரியான அளவுல கலந்து ஊத்துங்க. நம்ம ஊர்ல பனி உறையாதேன்னு கூலண்டை விட்டுறாதீங்க. துரு பிடிக்காம காப்பாத்தறதும் அதுதான்.

பட்டணத்துக்காரங்க யோசிக்காத ஒரு விசயம் வாசல். கூலண்ட்ல பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கு. இனிப்பா இருக்கும், கொடிய விஷம். வண்டிக்கடியில தேங்குனதை நாய் நக்கும், கன்னுக்குட்டி மோந்து பாக்கும். கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி போயிரும். சிந்துன இடத்துல மண்ணைப் போட்டு அள்ளிருங்க. வடிச்ச பழைய கூலண்டை வாய்க்கால்ல ஊத்தாதீங்க.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடணும், போடக்கூடாதுன்னு எங்க விவசாயிகளே ரெண்டு கட்சியா நின்னாங்க. கசிவு நின்னா கடைமடைக்குத் தண்ணி போகும்னு ஒரு கட்சி, அந்தக் கசிவுலதான் எங்க கிணறு ஊறுதுன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. வாய்க்கால்ல கசிஞ்ச தண்ணி யாரோ ஒருத்தர் கிணத்துக்குப் போய்ச் சேரும். என்ஜின்ல கசியறது யாருக்கும் உதவாது. வால்பாறை மலையில 40 கொண்டை ஊசி, திம்பத்துல 27. தண்ணி கொறஞ்ச வண்டியில பொண்டாட்டி புள்ளைங்களோட ஏறி நடுவுல நின்னீங்கன்னா, அலுமினிய ஹெட் வளைஞ்சு போயிரும். கிளிப்போட போக வேண்டிய செலவு என்ஜின் பிரிக்கற செலவாயிரும்.

15 வருசம் தாண்டுன காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கற கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில இருந்து 5,000 ஆக்குனாங்க. பழசை ஒழிச்சுட்டுப் புதுசு வாங்குன்னுதான் காலம் சொல்லுது. புகை கக்கற வண்டியை ஒழிக்க வேண்டியதுதான், அதுல எனக்கு மறுப்பில்லை. ஆனா ஒரு கிளிப்பைக் கண்டுபிடிக்கப் பொறுமை இல்லாம, நல்லா ஓடற வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளறது எந்த ஊர் நியாயம்?

அதனால கேட்டுக்கறது இதுதானுங்க. அடுத்த தடவை வண்டியை விடறப்ப "என்ன மாத்தணும்?"னு கேக்காதீங்க. "பிரஷர் போட்டு எங்க ஒழுகுதுன்னு காட்டுங்க, பாக்கறதுக்கு என்ன கூலியோ அதைத் தனியாத் தர்றேன்"னு சொல்லுங்க. காட்டுன பிறகு மாத்தச் சொல்லுங்க. அப்படிக் காசு குடுக்க நாலு பேரு இருந்தா, உக்காந்து பாக்கற மெக்கானிக் நாலு பேராவது மிஞ்சுவாங்க.