வோட்டுப் போடாதீர்கள்!

தேர்தல் வந்தால் நோட்டீஸ்களுக்குப் பஞ்சமில்லை. தமக்கு வோட்டுக் கேட்டுக் கெஞ்சுவார்கள், எதிரியைத் தூற்றுவார்கள். ஒருவரிடம் வைத்த மதிப்பினாலேயே அவருக்கு வோட்டுப் போடவேண்டாம் என்று நோட்டீஸ் போட்ட விந்தை, 2014-ஆம் வருஷம் ஜப்பானிலுள்ள கியோட்டோ சர்வகலாசாலையில் நடந்தது. தலைவர் பதவிக்கு ஜுயிச்சி யாமாகிவாவின் பெயர் அடிபட்டது. அவரை நாற்காலியில் உட்காரவைத்தால் கொரில்லா ஆராய்ச்சி என்ன கதியாகும் என்பதே நோட்டீஸ் போட்டவர்களின் கவலை. கவலை பலிக்கவில்லை, அவரே தலைவரானார்.

அந்தக் கவலை வீண் கவலையன்று என்பதே நமது அபிப்பிராயம். 1952-ல் டோக்கியோவில் பிறந்த யாமாகிவா, முதலில் யாகுஷிமா தீவின் குரங்குகளை ஆராய்ந்தார். 1978 முதல் காங்கோ தேசத்துக் காஹுஸி-பியேகா வனத்தில் கொரில்லாக்களைப் பின்தொடர்ந்தார். காட்டுக் கொரில்லா மனிதனைக் கண்டு ஓடாதிருக்கப் பழக்குவதற்கே வருஷக்கணக்காகும். அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன் விசேஷமானது. ஜப்பானியக் குரங்குகளில் எளியது பல்லைக் காட்டிப் பணிந்துபோகும். கொரில்லாக்களுக்குத் தோற்றதற்கு அடையாளமான முகமே கிடையாதாம். இரண்டு பெரிய ஆண்கள் முறைத்து நின்றால், ஒரு பெண்ணோ குட்டியோ இடையே புகும். இருவரும் மானம் கெடாமல் விலகுவார்கள்! மனிதர்கள் கொரில்லா வழியை விட்டுக் குரங்கு வழியில் போகிறார்களே என்று 2014-ல் ஒரு நூலே எழுதினார்.

வனத்தின் கதை அவ்வளவு இனிமையானதல்ல. 1970-ல் அதைச் சரணாலயமாக்கியபோது, தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்த த்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1996-ல் மூண்ட யுத்தத்துக்குப் பின் மலைப்பகுதிக் கொரில்லாக்களில் ஏறத்தாழப் பாதி மடிந்தன. வெளியே பசித்திருப்பவனிடம் காட்டைக் காக்கச் சொல்வதில் என்ன நியாயம்? இதை உணர்ந்த உள்ளூரார் 1992-லேயே 'போலே போலே' என்ற சங்கத்தை நிறுவியிருந்தார்கள். ஸ்வாஹிலி பாஷையில் 'மெல்ல மெல்ல' என்று பொருள். மரக்கன்று வளர்ப்பது, பள்ளிக்கூடம் நடத்துவது, வேட்டையை விட்டவர்களுக்கு வேறு பிழைப்புத் தேடித் தருவது அதன் வேலை. யாமாகிவா அதற்கு உற்ற துணையாக நின்றார்.

தலைவரான பின் சர்வகலாசாலையைக் காட்டுக்கு ஒப்பிட்டுப் பேசினார். அங்கே அவருக்குக் காத்திருந்தது வேறு வகை மிருகம். 2004-க்குப் பிறகு அரசாங்க மானியம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிவந்தது. உடனே பலன் காட்டும் ஆராய்ச்சிக்கே மவுசு. கொரில்லாவுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர் அந்த நாற்காலியில் இருந்தது நல்லதாயிற்று என்றே எண்ணுகிறோம். ஆறு வருஷம் கழித்து, 2020-ல், பதவியை விட்டிறங்கினார். காஹுஸி-பியேகாவோ 1997-ல் ஏறிய உலகப் பாரம்பரிய அபாயப் பட்டியலிலிருந்து இன்னும் இறங்கவில்லை.