கௌபாய் தொப்பியும் கடன் விண்ணப்பமும்

போன சனிக்கிழமை ஷில்லாங்கில் ஒரு கன்ட்ரி மியூசிக் கச்சேரிக்குப் போயிருந்தேன். நானாகப் போகவில்லை. எங்கள் கிளை ஹெட் கேஷியர் காங் (இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) ஆளுக்கு 300 ரூபாய் டிக்கெட் எடுத்து, என்னையும் இன்னும் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போனார்.

வடகிழக்குக்கு மாற்றல் என்றால் எங்கள் ஆபீசர்கள் மத்தியில் தண்டனை மாதிரி. இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டு ஊர் திரும்பலாம் என்றுதான் நானும் வந்தேன். வந்த நாலாம் மாசமே ஒரு கருத்தும் வைத்துக்கொண்டேன். "இவங்களுக்குன்னு சொந்தமா ஒண்ணும் இல்லைய்யா, எல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்து காப்பி." சாயங்காலம் சேர்ந்து சாம்பார் வைத்துச் சாப்பிடும் நம்ம ஆட்கள் எல்லாருமே இதைச் சொல்வார்கள். சாம்பார் மாதிரியே இதுவும் தினமும் உண்டு :-)

லைதும்க்ராவில் ஒரு பள்ளிக்கூட ஹால். பிளாஸ்டிக் நாற்காலி, 250 பேர் இருக்கலாம். கட்டம் போட்ட சால்வை போர்த்திய பாட்டிகள் முதல் வரிசையில். மேடையில் கௌபாய் தொப்பியோடு நாலு பையன்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. மூன்றாவதாக ஜிம் ரீவ்ஸ் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். அவர் விமான விபத்தில் செத்தது 1964-ல். ஹாலே சேர்ந்து பாடுகிறது, அதுவும் மேல் குரல், கீழ்க் குரல் என்று தானாகப் பிரிந்து. யாரும் கை காட்டவில்லை. எனக்கும் மெட்டு தெரிந்திருந்தது! பாளையங்கோட்டையில் பக்கத்து வீட்டு டீச்சர் கிறிஸ்துமஸ் சமயத்தில் டேப்பில் போடுவார்.

இடைவேளையில் காங் க்வாய் கொடுத்தார். நம்ம வெற்றிலை பாக்குதான், ஆனால் பாக்கு பச்சை. வாயில் போட்டதும் குளிரிலும் வேர்த்துவிடும். வேர்த்துக்கொண்டே என் கருத்தை எடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உங்க ஊர் கச்சேரியில பாடறவங்க பக்கத்துல உட்கார்ந்து வயலின் வாசிக்கிறாங்களே சார், அது யாரோடது?" என்றார்.

பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டு வந்தது. இருநூறு வருஷம் ஆகிவிட்டதால் நாம் கேட்பதில்லை.

அந்த கன்ட்ரி மியூசிக்தான் யாருடையது? பேஞ்சோ, அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்தது. பிடில் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரர்கள் கொண்டு போனது. ஸ்டீல் கிட்டார் ஹவாய். 1927-ல் டென்னசி பக்கம் பிரிஸ்டல் ஊரில் ரால்ப் பியர் ரெக்கார்ட் பண்ணிய கார்ட்டர் குடும்பம் மலைக்காட்டு ஜனம். அவர்களுக்குப் பாட்டு சேகரித்துக் கொடுக்க ஊர் ஊராகக் கூடவே அலைந்த லெஸ்லி ரிடில் கறுப்பர். இங்கேயும் மலை, சர்ச், நரம்பு வாத்தியம். 1841-ல் சிரபுஞ்சிக்கு வந்த வேல்ஸ் மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் காசி மொழிக்கு எழுத்து கொடுத்தார். பின்னாலேயே கீர்த்தனைகள் வந்தன. துய்தாரா என்ற நாலு நரம்பு வாத்தியம் அதற்கு முன்னாலிருந்தே இவர்களிடம் உண்டு. கிட்டார் அதன் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தது, அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால் வெறும் அரட்டை. இரண்டாம் பாதியில் லீட் கிட்டார் பையன் தொப்பியைக் கழற்றினான். தெரிந்த முகம். ஆறு மாசம் முன்னால் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் வாங்க 1,80,000 ரூபாய் முத்ரா கடன் கேட்டு என் மேஜைக்கு வந்தவன். "ஐடிஆர் இருக்கா?" என்று கேட்டேன். இங்கத்திய பழங்குடியினர் இங்கேயே சம்பாதிப்பதற்கு வருமான வரியே கிடையாது, ரிட்டர்னுக்கு எங்கே போவான்? அது எனக்கும் தெரியும். ஐடிஆர் சாக்கு. உண்மைக் காரணம், "இது ஹாபிதானே தம்பி" என்று நான் நினைத்ததுதான். ஒரு நாதஸ்வரக்காரர் வந்து கேட்டிருந்தால் அப்படி நினைத்திருப்பேனா?

பி.காம் புத்தி, அங்கேயே கணக்குப் போட்டேன். டிக்கெட் வசூல் 75,000. சவுண்ட் வாடகை மட்டும் ஒரு நாளைக்கு 18,000 என்றார் காங். சொந்த செட் இருந்தால் பத்துக் கச்சேரியில் முதல் திரும்பிவிடும். கல்யாண சீசனில் மாசம் நாலாவது வரும். மாநில அரசே கிராஸ்ரூட்ஸ் மியூசிக் ப்ரோக்ராம் என்று வைத்து உள்ளூர்க் கலைஞர்களுக்குக் காசு கொடுத்துப் பாட வைத்திருக்கிறது. நான் மட்டும் அதைத் தொழில் என்று ஒத்துக்கொள்ளவில்லை. நாலு நாள் மூடிக் கிடக்கும் பெட்டிக்கடைகளுக்கு யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

முடிந்ததும் போய்ப் பேசினேன். "எப்படி இருந்தது சார்?" என்று சிரித்தான். ஆம்ப்ளிஃபயர் மட்டும் வாங்கிவிட்டானாம். வெளியில், மாசம் மூன்று வட்டிக்கு.

அந்தக் கடனை அடைக்க முத்ரா கொடுக்க முடியாது. ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டும், கச்சேரி அட்வான்ஸ் எழுதி வைத்திருக்கும் நோட்டும் எடுத்துக்கொண்டு புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். "இந்தத் தடவையும் ஐடிஆர் கேப்பீங்களா சார்?" என்றான்.