எட்டுப் பொத்தான்களின் பாஷை

பாண்டிருப்பிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர வீடுகளில், பரணிலோ அலுமாரியின் அடித்தட்டிலோ ஒரு பழைய ‘டிவி கேம்’ பெட்டி தூசு படிந்து கிடப்பது புதுமையன்று. மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பிய அப்பாவோ வாப்பாவோ ஒரு விடுமுறையில் கொண்டுவந்ததாயிருக்கும். அதைச் சூழ்ந்திருந்து விளையாடிய பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகளோ அப்பெட்டியைப் பார்த்து, “இதற்கு ஏன் வயர் கட்டியிருக்கிறது?” என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்தபோது இக்கரையில் எத்தனையோ குடும்பங்கள் உறவினரையும் உடைமைகளையும் ஒருங்கே இழந்தன. அதற்குப் பின்னும் எஞ்சியிருக்கும் பழம்பொருள் ஒவ்வொன்றுக்கும் கடையில் விசாரித்தறிய முடியாத ஒரு விலை உண்டு. வயர் பழுதாயிற்று என்ற ஒரே காரணத்துக்காக அத்தகைய பொருளொன்றைக் குப்பையிற் சேர்ப்பது தகுமா? அப்பெட்டிக்கு வயரில்லாத கைக்கருவியைப் பொருத்த வழியுண்டா? இவ்வாரம் இதனை ஆராய்வோம்.

ஜப்பானிய நின்டெண்டோ கொம்பனி 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆந் திகதி ‘ஃபமிகொம்’ என்னும் பெட்டியை வெளியிட்டது. 1985இல் அதுவே வேறு உருவத்தில் அமெரிக்கா சென்றது. அதனைப் பின்பற்றிப் பிறர் செய்த பெட்டிகள் ஆசியாவெங்கும் பரவின. நம்மவர் வீடுகளிலுள்ள பழைய பெட்டிகளிற் பலவும் இக்குலத்தைச் சேர்ந்தனவே. மூலப் பெட்டியில் இரு கைக்கருவிகளும் பெட்டியுடனேயே நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தன. பின்வந்தவற்றுட் பல, ஒன்பது ஊசிகள் கொண்ட குழிகளைப் பெற்றன. எதுவாயினும் முதலிற் கெடுவது வயரே. கைப்பிடியை விட்டு வெளிவரும் இடத்தில் அது மீண்டும் மீண்டும் வளைந்து உள்ளே செப்பிழைகள் அறுகின்றன. இணைப்புகளிற் கடற்காற்றின் உப்பு படிந்து பச்சைக் களிம்பு பிடிக்கின்றது. பெட்டி நலமாயிருக்கையிலேயே ‘செத்துவிட்டது’ என்ற தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகின்றது.

இப்பெட்டியும் அதன் கைக்கருவியும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதை அறிந்தால் பரிகாரம் தானே புலப்படும்.

கைக்கருவியில் எட்டுப் பொத்தான்கள் உள்ளன. எட்டுக்கும் எட்டு வயர் இழுத்தால் செலவு மிகும். ஆகவே, 4021 என்ற எண்ணுடைய சிறியதொரு சிப்பை உள்ளே வைத்தார்கள். வீடு கட்டுமிடத்தில் எண்மர் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைக் கண்டிருப்பீர்கள். சிப்பின் வேலையும் அத்தகையதே. பெட்டியிலிருந்து ஒரு வயரில் “ஆயத்தம்” என்ற துடிப்பு வருகின்றது. உடனே எட்டுப் பொத்தான்களின் நிலையும் ஒரே கணத்திற் பதிவாகின்றன. பின்னர் இரண்டாவது வயரில் வரும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு பொத்தானின் நிலை மூன்றாவது வயர் வழியே பெட்டியைச் சேர்கின்றது. முதலில் ஏ, பிறகு பி, அப்பால் செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். இந்த ஒழுங்கு மாறுவதேயில்லை. மின்சாரம் வருவதற்கொன்று, திரும்புவதற்கொன்றாக மேலும் இரண்டு. ஆக ஐந்தே வயர்கள். படம் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை, அதாவது அமைப்புக்கேற்ப விநாடிக்கு 50 அல்லது 60 தடவை, இந்த விசாரணை நடைபெறுகின்றது.

இதில் ஓர் உண்மை மறைந்திருக்கின்றது. விடை தருவது யார் என்பதைப் பெட்டி ஒருபோதும் பார்ப்பதில்லை. சரியான நேரத்தில் சரியான ஒழுங்கில் விடை வந்தாற் போதும். அதைப் பழைய கைக்கருவியென்றே நம்பிவிடும். எனவே பெட்டியின் உள்ளுறுப்பு எதையும் மாற்ற வேண்டியதில்லை. புதியவனுக்குப் பழைய பாஷையைக் கற்பித்துவிட்டாற் போதுமானது.

வயரை ஒழிக்கும் ஆசை புதிதன்று. 1989இல் நின்டெண்டோவே அகச்சிவப்பு ஒளியால் இயங்கும் ‘சட்டலைட்’ என்ற துணைக்கருவியை வெளியிட்டது. ஒளிக்கற்றையாதலால் யாரேனும் குறுக்கே நடந்தால் பேச்சு அறுந்துபோகும். 2002இல் வந்த ‘வேவ்பேர்ட்’ ஒளியை விட்டு வானொலி அலையைக் கைக்கொண்டது. 2006இல் பிளேஸ்டேஷன் 3, வீ ஆகிய பெட்டிகள் புளூடூத் கைக்கருவிகளுடன் வெளிவந்தன. அதன் பின்னர் அம்முறையே பெருவழக்காயிற்று.

இன்று பழைய பெட்டிகளுக்கெனவே ஆயத்தமாகச் செய்த வாங்கிகள் விற்பனைக்குண்டு. தாமே செய்து பார்க்க விரும்பும் மாணவர்க்கு ‘புளூரெட்ரோ’ என்னும் இலவச மென்பொருள் உதவும். ஈ.எஸ்.பி. 32 என்ற மலிவான சிப்பில் அது இயங்குகின்றது. அச்சிப்பில் இரண்டு மூளைகள் உள்ளன. ஒன்று புளூடூத் கைக்கருவியிடம் செய்தி கேட்டு நினைவில் வைக்கின்றது; மற்றொன்று பழைய பெட்டி வினவும் கணத்திலேயே, கடைசியாக அறிந்த நிலையை எட்டுத் துடிப்புகளுக்கேற்ப ஒப்புவிக்கின்றது. தபாற்காரர் வரும் நேரம் வேறு, வீட்டார் கடிதம் படிக்கும் நேரம் வேறு என்பது போல இரு வேலைகளும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

செய்யப் புகுமுன் கவனிக்க வேண்டியவை சில உள.

முதலாவது, சிப்பை வாங்கும்போது பெயரை முழுமையாக வாசியுங்கள். எஸ் 3, சி 3 என்ற பின்னொட்டுள்ள புதிய வகைகளிற் குறைந்த மின்சக்திப் புளூடூத் மட்டுமே உண்டு. பல கைக்கருவிகள் பேசும் பழைய வகைப் புளூடூத் அவற்றுக்குத் தெரியாது. பின்னொட்டில்லாத மூல வகையே இங்கு வேண்டுவது.

இரண்டாவது, பழைய பெட்டி 5 வோல்ட்டில் இயங்குவது, ஈ.எஸ்.பி. 32 3.3 வோல்ட்டுக்குரியது. பெட்டியிலிருந்து வரும் துடிப்புகளை அப்படியே சிப்பிற் செலுத்தினால் அது கெடக்கூடும். இடையே மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் சிறு பலகையொன்றை வைத்தல் அவசியம்.

மூன்றாவது, வானொலி அலை வீசும் சிப், பழைய கைக்கருவியைவிடப் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். முதுமையடைந்த பெட்டியின் மேல் அப்பாரத்தை ஏற்றாமல், தொலைபேசிச் சார்ஜரிலிருந்து தனியாக 5 வோல்ட் கொடுத்து, இரண்டின் தரை வயரை மாத்திரம் ஒன்றாக இணைப்பது நன்று.

நான்காவது, வயரின் நிறத்தை நம்பாதீர்கள். போலிப் பெட்டிகளில் நிறங்களுக்கு ஒரு நியதி கிடையாது. ஒன்பது ஊசிக் குழி வேறு கொம்பனிப் பெட்டிகளிலும் உண்டு. உருவம் ஒன்றாயினும் உள்ளமைப்பு வேறு. மீற்றர் கொண்டு அளந்த பின்னரே ஈயம் பற்றவைக்க வேண்டும். பழைய கைக்கருவி நல்ல நிலையிலிருந்தால் அதன் வயரை வெட்டாதீர்கள். வேறொரு இணைப்பானை வாங்குங்கள். வெட்டியது பழையபடி ஆகாது.

தாமதம் ஏற்படாதா என்று சிலர் ஐயுறுவர். விநாடிக்கு 50 படமாயின் ஒரு படத்தின் ஆயுள் 20 மில்லி விநாடி. நல்ல கைக்கருவியாயின் வானொலி வழியின் தாமதம் அதற்குள் அடங்கிவிடக்கூடும். பலவேளைகளில் உண்மைக் குற்றவாளி, படத்தை மெருகிட்டுக் காட்டுவதற்காக நேரமெடுக்கும் புதிய தட்டைத் தொலைக்காட்சியே. அதில் ‘கேம் மோட்’ இருந்தால் அதனை இயக்கிப் பாருங்கள்.

இம்முயற்சியின் தலையாய பயன் ஒன்றைக் கூறாமல் முடிப்பதற்கில்லை. விரல்கள் நன்கு மடங்காத பிள்ளைக்கு அந்தச் சிறிய கைக்கருவி எட்டாக்கனியாகவே இருந்து வந்தது. உடன்பிறந்தார் விளையாட, அப்பிள்ளை பார்த்திருக்க நேர்ந்தது. மைக்ரோசொஃப்ட் 2018இல் வெளியிட்ட ‘அடப்டிவ்’ கைக்கருவியில் உள்ளங்கையாலும் முழங்கையாலும் அழுத்தத்தக்க பெரிய பொத்தான்கள் உள்ளன. காலால் இயக்கும் விசைகளையும் அதிற் சேர்க்கலாம். அதனுடைய செய்தியையும் புளூரெட்ரோ ஏற்றுக்கொள்கின்றது. கைக்கருவியின் விலை அதிகந்தான். ஆயினும், 1983இல் வகுத்த எட்டுத் துடிப்புகளுக்கு முழங்கையின் அழுத்தமும் விரலின் அழுத்தமும் ஒன்றே. அண்ணனுக்கும் தங்கைக்கும் பெட்டி ஒரே விதமாகவே செவிசாய்க்கும்.

மாணவர்களே, அடுத்த விடுமுறையில் பரணிலுள்ள பெட்டியை இறக்கிப் பாருங்கள். இயக்குமுன் இணைப்புகளின் களிம்பைத் துடைத்து, மின்சாரம் கொடுக்கும் அடப்டரை அளந்து கொள்ளுங்கள். ஈயம் பற்றவைத்துப் பழக்கமில்லையெனில் ஊரிலுள்ள வானொலி திருத்துநர் ஒருவரை அணுகி அருகிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் முதல் ஆட்டத்துக்கு, இதுவரை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவரை அழையுங்கள்.