உதவித்தொகை வாங்கும் காலத்தில் தற்காலிக வேலைக்குப் போகலாமா?

ஆட்குறைப்பு நோட்டீஸ் வாங்கிய தொழிலாளர்களிடையே ஒரு கேள்வி பலமாக எழுந்திருக்கிறது. சொக்சோவிலிருந்து உதவித்தொகை வருகிறது. அதே சமயம் காண்டிராக்டர் ஒருவர் வந்து, "ஒரு மாதம் மரம் வெட்ட வா, கையில் காசு தருகிறேன்" என்று கூப்பிடுகிறார். போகலாமா, கூடாதா? "காசை ஏன் விடுகிறாய், இரண்டையும் வாங்கு" என்பார் ஒருவர். "போனால் ஜெயில்தான்" என்று பயமுறுத்துவார் மற்றொருவர். கிராணி மேசையில் உட்கார்ந்து செக்குரோல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இருவருமே கணக்குப் பார்க்காமல் பேசுகிறார்கள்.

முதலில், இந்தப் பணம் யாருடையது? இதைத் தர்மக்காசு என்று நினைத்துக் கூச்சப்படும் பெரியவர்கள் நம் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். தர்மம் அல்ல. 2017-ஆம் ஆண்டு வேலை காப்புறுதித் திட்டச் சட்டத்தின்படி, 2018 ஜனவரி முதல் தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் ஆளுக்கு 0.2 விழுக்காடு கட்டிச் சேர்த்த நிதி இது. 1,700 வெள்ளி சம்பளக்காரருக்கு மாதம் மூன்று வெள்ளிச் சொச்சம். அதற்கு முன்பு வேலை போனால் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி கிடைக்கும் பணிநீக்க நஷ்டஈடு ஒன்றுதான்: சேவைக்காலத்தைப் பொறுத்து, வருஷத்துக்கு 10, 15 அல்லது 20 நாள் சம்பளம். அதுவும் முதலாளியிடம் பணம் இருந்தால்தான். அந்த நஷ்டஈடு வேறு, இந்த உதவித்தொகை வேறு. ஒன்றை வாங்கியவருக்கு மற்றொன்று இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இனி கணக்கு. திட்டம் தொடங்கியபோது சட்டம் வகுத்த விகிதம் இது: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. கட்டிய சந்தாவைப் பொறுத்து 3 மாதம் முதல் 6 மாதம் வரை கிடைக்கும். 2025-இல் நிர்ணயமான குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை வைத்துப் பார்த்தால், முதல் மாதம் ஏறக்குறைய 1,360; ஐந்தாம் மாதம் 510.

காண்டிராக்டர் நாளுக்கு 70 வெள்ளி தருவதாக வைத்துக்கொள்வோம். மழை விட்டுக்கொடுத்து மாதம் 20 நாள் வேலை என்றால் 1,400 வெள்ளி. வேலையில் சேர்ந்தால் உதவித்தொகை நின்றுவிடும். ஆக முதல் மாதத்தில் இந்த வேலைக்குப் போகிறவர், 40 வெள்ளி அதிகம் பெறுவதற்காக மாதம் முழுதும் இருட்டில் எழுந்து மரம் வெட்டுகிறார்! மழை நான்கு நாள் அதிகமாகப் பெய்தால் அந்த 40 வெள்ளியும் இல்லை, கைநஷ்டம். இலையுதிர் காலமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் அதே வேலை ஐந்தாம் மாதத்தில் வந்தால்? 510 வெள்ளியை விட்டு 1,400 வாங்குவது நியாயமான காரியந்தானே? வேலை ஒன்றுதான், அது எந்த மாதத்தில் வருகிறது என்பதே பேச்சு.

சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. உதவித்தொகை முடியுமுன் வேலை கிடைத்துச் சேர்ந்தவருக்கு, மீதியிருக்கும் தொகையில் கால் பங்கை மொத்தமாகக் கொடுக்க அது இடம் வைத்தது. ஆறு மாத உரிமை உள்ளவர் முதல் மாதம் வாங்கிவிட்டு வேலையில் சேர்ந்தால், மீதி 3,230 வெள்ளியில் கால் பங்கு 807 வெள்ளி 50 காசு. இதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் உண்டு. ஒளித்து வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்கவே முடியாது.

ஒளித்துச் செய்யும் வேலையைப் பற்றித்தான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே இல்லை என்று எழுதிக்கொடுப்பது சட்டப்படி குற்றம்; அபராதமும் சிறையும் உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். பெயர் எழுதாத வேலையில் யாருக்கு இலாபம்? காண்டிராக்டருக்கு இ.பி.எப். இல்லை, சொக்சோ இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. வெட்டுக்கத்தி கையைக் கிழித்தாலும், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதினாலும், "இவர் என் ஆள் இல்லை" என்று கை கழுவிவிடலாம். நீயும் அங்கே வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொடுத்தவன். எந்த வாயால் மறுப்பாய்? தற்காலிக ஆளாயினும் பெயர் பதிந்து சந்தா கட்டவேண்டியது முதலாளியின் கடமை. இது அவர் செய்யும் உபகாரம் அல்ல.

நமக்கு இது புதிய கதையும் அல்ல. 1950-களில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அதை ஆராய்ந்த உங்கு அசிஸின் அறிக்கை பின்னர் வெளிவந்தது. அன்றும் தோட்டத்து ஆள் என்ற பெயர் போய்க் காண்டிராக்டர் ஆள் என்ற பெயர் வந்ததும், சம்பளம் இறங்கிற்று, உரிமைகள் கரைந்தன. மரம் அதே மரம், பால் அதே பால்!

பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் தொழிற்சாலைகளுக்கு ஏஜெண்டு மூலம் இரண்டு மாத, மூன்று மாத வேலைக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள். இங்கே சம்பளச் சீட்டும் சந்தாவும் இருக்கும். ஆகவே வேலை நேர்மையான வேலைதான். ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். காலக்கெடு போட்ட ஒப்பந்தம் கெடு முடிந்து தீர்ந்தால், அது வேலையிழப்பாகக் கணக்கில் வராது. அதற்கு உதவித்தொகை இல்லை. இரண்டாம் மாதத்தில் இப்படிப் போகிறவர் நான்காம் மாதத்தில் வேலையும் இல்லாமல் உதவியும் இல்லாமல் நிற்பார். நிரந்தரமாக்குவார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்கமுடியுமானால் வாங்கிக்கொண்டு போகட்டும். இல்லையென்றால் முதல் இரண்டு மாதத்தை நல்ல வேலை தேடுவதற்கே செலவிடலாம். அதற்காகத்தான் அந்த மாதங்களுக்கு அதிகமாகக் கொடுக்கிறார்கள்.

என் சக கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைநிறுத்தக் கடிதத்தில் என்ன காரணம் எழுதுகிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சோறு இருக்கிறது. தானாக விலகியவருக்கு உதவித்தொகை கிடையாது. ஆட்குறைப்பு நடக்கும் இடத்தில் "ராஜினாமா" என்று அச்சடித்த தாளை நீட்டச் சொன்னால், அதைத் தமிழில் படித்துச் சொல்லாமல் கைநாட்டு வாங்காதீர்கள். தொழிலாளர்களும் காண்டிராக்டர் அவசரப்படுத்துகிறார் என்று நோட்டீஸ் காலம் முடியுமுன் போய்விட்டால், "தானே விலகினார்" என்று எழுத நிர்வாகத்துக்குக் காரணம் கொடுத்தவர்கள் ஆவார்கள். நஷ்டஈடு, உதவித்தொகை இரண்டுக்கும் அதே ஒரு வரியால் ஆபத்து.

மனுப்போட வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான். நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். சட்டிபானை கட்டி, பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் பார்த்து, லயத்தைக் காலி செய்வதற்குள்ளேயே அதில் பாதி நாள் போய்விடுகிறது.