75 வாட்டுக்குள் ஒரு கார்டு

சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையும் தாமானுமாக மாறிவிட்ட ஓர் இடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பது அவர் தொழில். வைத்திருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, மினி டவர். ஏதோ அலுவலகம் கழித்துவிட்டதை, 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் தங்கையின் படிப்புக்காக வாங்கியது. "ஒரு கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் கையில் இருக்கிறது. எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம், அண்ணே?"

கார்டை அப்புறம் பார்ப்போம், முதலில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள் என்றேன். பவர் சப்ளை ஸ்டிக்கரில் 290 வாட் என்று இருக்கும். மதர்போர்டில் கார்டு செருகும் இடம் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனியாக 6 பின் அல்லது 8 பின் கேபிள் வேண்டும். இந்தப் பெட்டியில் அது இல்லை. பவர் சப்ளையையே மாற்றலாம்தான். ஆனால் இந்த மதர்போர்டு வழக்கமான 24 பின்னை ஏற்காது, டெல்லின் சொந்த 8 பின்னைக் கேட்கும். இடையில் மாற்றுக் கேபிள் போட வேண்டும். ஒரு செலவு மூன்று செலவாகிவிடும்.

ஆகவே, மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் ஓடும் பழைய ஆர்எக்ஸ் 580 இவருக்கு ஆகாது. அது 185 வாட் கார்டு. 2022 செப்டம்பர் 15-ல் எத்தேரியம் நாணயம் கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய இப்படிப்பட்ட கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. பெயருக்குப் பின்னால் '2048எஸ்பி' என்று இருந்தால் இன்னொரு சங்கதி: அது பெயரில் 580, உள்ளே 570.

75 வாட்டுக்குள் அடங்குபவற்றில் விலை குறைந்தவை ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400. சின்ன விளையாட்டுகளுக்குப் போதும். ஆனால் இரண்டிலும் வீடியோ என்கோடர் கிடையாது! மூன்று மணி நேரக் கல்யாணத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்த வேலையில் கார்டு கை கொடுக்காது. வேடிக்கை என்னவென்றால், தம்பியின் பழைய ஐ5 சிப்புக்குள்ளேயே ஓர் என்கோடர் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவதில் இல்லாதது, சும்மா இருப்பதில் இருக்கிறது.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யில் என்கோடர் உண்டு. ஆனால் அந்தத் தலைமுறைக்கு வழக்கமான புதிய டிரைவர் வெளியிடுவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. மிஞ்சுவது ஜிடிஎக்ஸ் 1650 அல்லது ஆர்டிஎக்ஸ் 3050. 1650-இல் சில மாடல்கள் 6 பின் கேட்கும், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 3050-இல் 6 ஜிபி உள்ளதுதான் 70 வாட். 8 ஜிபி 130 வாட். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்வது!

என் ஓட்டு 6 ஜிபி 3050-க்கு. காரணம், வேகம் மட்டுமல்ல. இந்தப் பெட்டியின் நான்காம் தலைமுறை சிப்பை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நாளை பெட்டி மாறினாலும் கார்டு கூடவே போகும்.

ஆனால் ரேம் இன்னும் 8 ஜிபிதானா, ஹார்ட் டிஸ்க் இன்னும் சுழலும் ரகமா? அப்படியானால் முன்பணத்தில் முதல் பங்கு 16 ஜிபி ரேமுக்கும் எஸ்எஸ்டி-க்கும். கார்டு அடுத்த கல்யாணத்துக்குக் காத்திருக்கலாம்.

வாங்கப் போகும்போது ஈப்போ யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸுக்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போங்கள். நீங்கள் எடுத்த வீடியோவிலிருந்து ஐந்து நிமிடத்தை, கார்டு இல்லாமல் ஒருமுறையும் கார்டைச் செருகி ஒருமுறையும் எக்ஸ்போர்ட் செய்து, கைப்பேசியில் நேரம் பாருங்கள். செருகிப் பார்க்க விடாத கடை என்றால், பக்கத்துக் கடைக்கு நாலு எட்டுதான்.